ஓராண்டு ஒப்பந்தத்தில் இந்திய விமானம் ஓட்டப் போகும் வெளிநாட்டு கேப்டன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: நான் இலங்கை லைசென்ஸ் வைத்திருக்கும் கேப்டன். இப்போது வளைகுடாவில் ஏர்பஸ் ஏ320 விமானம் ஓட்டுகிறேன். இந்திய விமான நிறுவனம் ஒன்றின் உள்நாட்டுச் சேவைக்கு ஓராண்டு ஒப்பந்தம் தருவதாக ஓர் ஏஜென்சி அழைத்திருக்கிறது. பரீட்சை எழுதி இந்திய லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை, தற்காலிக அனுமதியே போதும் என்கிறார்கள். இது முறையானதுதானா? அங்கே என்னைக் கண்காணிப்பது யார்? பிரச்சினை வந்தால் யாரிடம் போவது?

பதில்: முறையானதுதான். இந்தியாவில் பல ஆண்டுகளாக நடந்து வருவதும்தான். ஆனால் ஏஜென்சி உங்களிடம் சொன்னது பாதிதான். தற்காலிக அனுமதியில் ஓட்டும் விமானியை ஒரே நேரத்தில் இரண்டு நாட்டு அதிகாரிகள் கண்காணிக்கிறார்கள். சம்பளம் கொடுப்பவர் மூன்றாவது ஆள். மூவரில் யாருக்கும் உங்கள் முழுப் படமும் தெரியாது. அதைக் கையில் வைத்திருக்க வேண்டியவர் நீங்கள்தான்.

முதலில் ஏஜென்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் ஓட்டப்போகும் விமானத்தின் பதிவு எழுத்து என்ன? 1944 சிகாகோ உடன்படிக்கையின் 32-வது பிரிவுப்படி, சர்வதேசப் பயணத்தில் விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு கொடுத்த லைசென்ஸோ, அந்த நாடு செல்லுபடியாக்கிய லைசென்ஸோ விமானியிடம் இருக்க வேண்டும். உள்நாட்டுப் பயணத்துக்கு இந்தியாவின் சொந்த விதிகளும் இதையே கேட்கின்றன. விமானத்தின் உடம்பில் ‘வி.டி.’ என்று தொடங்கும் எழுத்து இருந்தால் அது இந்திய விமானம். அதை ஓட்ட, இந்தியாவின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ.யின் ஒப்புதல் வேண்டும். வேறு நாட்டு எழுத்து இருந்தால், விமானத்தை விமானிகளோடு சேர்த்து வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். இண்டிகோ 2023 முதல் துருக்கி ஏர்லைன்ஸின் போயிங் 777 விமானங்களை இப்படித்தான் எடுத்து ஓட்டியது. அங்கே விமானிக்கு விமானம் பதிவான நாட்டின் லைசென்ஸே போதும், பொறுப்பும் பெரும்பாலும் விமானத்தின் சொந்த நாட்டுடையது. இரண்டும் வேறு வேறு வேலைகள். உங்களுக்கு வந்திருப்பது முதல் வகை என்றே தோன்றுகிறது.

அப்படியானால் நீங்கள் வாங்கப்போவது ‘ஃபாட்டா’ என்று துறையில் எல்லோரும் சொல்லும் வெளிநாட்டு விமானிகளுக்கான தற்காலிக அனுமதி. வெளிநாட்டு லைசென்ஸைச் செல்லுபடியாக்கும் அதிகாரம் 1937-ஆம் ஆண்டின் விமான விதிகளில், 45-வது விதியில் இருக்கிறது. இதற்கு விண்ணப்பிப்பது நீங்கள் அல்ல, நிறுவனம். அனுமதி அந்த நிறுவனத்தோடும் அந்த விமான வகையோடும் கட்டப்பட்டது. வேலையை விட்டால் அனுமதியும் போயிற்று, பக்கத்து நிறுவனத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கூடவே உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்பு ஒப்புதல், வேலைவாய்ப்பு விசா, விமான நிலைய நுழைவுச் சீட்டு எல்லாம் உண்டு. இவை வந்து சேரும் வரை உட்கார்ந்திருக்கும் வாரங்களுக்குச் சம்பளம் உண்டா என்று இப்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் பைலட் லைசென்ஸ் வாங்கிவிட்டு வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்கள் நிறைய. அப்படியிருக்க வெளியிலிருந்து ஆள் எதற்கு என்ற கோபம் காக்பிட்டுக்குள்ளும் உங்கள் காதில் விழலாம். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பற்றாக்குறை கேப்டன் நாற்காலியில்தான். வணிக விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்தால் போதும். கேப்டனாவதற்கு வேண்டிய ஏ.டி.பி.எல். லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் வேண்டும், அதற்கு மேல் அந்த வகை விமானத்தில் அனுபவமும் வேண்டும். விமானங்கள் வேகமாக வந்து சேர்கின்றன, கேப்டன்கள் அந்த வேகத்தில் உருவாவதில்லை. வெளிநாட்டு விமானிகளை முழுக்க நிறுத்திவிட அரசு குறித்த கெடு பலமுறை தள்ளிப்போனதற்கும் இதுதான் காரணம். தற்காலிகம் என்ற சொல்லை அரசு மனப்பூர்வமாகத்தான் வைத்திருக்கிறது. புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்று ஏஜென்சி சொன்னால் அதை நம்பி வீட்டை மாற்றிவிடாதீர்கள்.

இனி, உங்கள் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தரும் இடத்துக்கு வருகிறேன். செல்லுபடியாக்கல் என்பது தனி லைசென்ஸ் அல்ல. அது அடிப்படை லைசென்ஸின் மீது ஏறி நிற்கும் ஒரு தாள். ஐ.நா.வின் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் விதிப்படி, அடிப்படை லைசென்ஸின் ஆயுளைத் தாண்டி அது ஒரு நாள்கூட நீளக் கூடாது. உங்களுக்கு எந்த லைசென்ஸ் அடிப்படை? நீங்கள் இலங்கை லைசென்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஓட்டுவது வளைகுடாவில். அங்கேயே லைசென்ஸ் மாற்றிக்கொண்டு, மருத்துவப் பரிசோதனையையும் சிமுலேட்டர் பரிசோதனையையும் அந்த நாட்டுக் கணக்கிலேயே செய்து வந்திருந்தால், உங்கள் இலங்கை லைசென்ஸில் ஏ320 ரேட்டிங், அதாவது அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி, இன்னும் உயிரோடு இருக்கிறதா? பலர் ஊர் லைசென்ஸைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பல வருடம் திறந்தே பார்ப்பதில்லை. விண்ணப்பத்தில் அதை அடிப்படையாகக் காட்டி, அதில் மருத்துவச் சான்று காலாவதியாகியிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அதைவிட மோசம், யாரும் கவனிக்காமல் அனுமதி கிடைத்து, நீங்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்த பிறகு தெரிய வருவது.

எனவே இந்த வாரமே லைசென்ஸை எடுத்து வைத்துத் தேதிகளைப் பாருங்கள். முதல் வகுப்பு மருத்துவச் சான்று பொதுவாக 12 மாதம், 60 வயதைத் தாண்டியவருக்கு 6 மாதம். 65-க்கு மேல் பயணிகள் விமானம் ஓட்ட முடியாது. ஆங்கிலத் திறன் நான்காம் நிலை என்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஐந்தாம் நிலை என்றால் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை மறு பரிசோதனை. சிமுலேட்டர் பரிசோதனை ஆண்டுக்கு இரண்டு முறை. அதில் ஒரு நுணுக்கம் உண்டு: ஒரே மாதிரியான இரண்டு பரிசோதனைகளை அடுத்தடுத்த நான்கு மாதங்களுக்குள் முடித்துவிட்டால் மட்டும் ஆண்டுக் கணக்கு தீர்ந்துவிடாது. பழைய நிறுவனத்தில் ஜனவரியில் ஒன்று, புதிய நிறுவனத்தில் சேரும்போது மார்ச்சில் ஒன்று என்று முடித்துவிட்டு டிசம்பர் வரை கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. நிறுவனம் மாறும் வருடத்தில்தான் இந்தத் தவறு நடக்கும்.

லைசென்ஸ் உண்மையானதுதானா என்று டி.ஜி.சி.ஏ. கேட்டால் கோபப்படாதீர்கள். 2020 ஜூனில் பாகிஸ்தானின் விமானப் போக்குவரத்து அமைச்சரே நாடாளுமன்றத்தில், 860 விமானிகளில் 262 பேரின் லைசென்ஸ் சந்தேகத்துக்குரியது என்றார். அடுத்த வாரங்களில் உலகம் முழுக்க வேலை பார்த்த பாகிஸ்தான் விமானிகள் பலர் தரையில் உட்கார வைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் குற்றமற்றவர்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. இந்தியாவிலும் 2011-ல் போலி மதிப்பெண் சான்று கொடுத்து ஏ.டி.பி.எல். வாங்கியவர்கள் கைதானார்கள். அதனால் லைசென்ஸ் கொடுத்த அமைப்பிடமிருந்து உறுதிக் கடிதம் இல்லாமல் வேலை நடக்காது. உங்கள் அதிகார சபைக்கு இப்போதே எழுதி, இப்படியொரு கேள்வி வரும், பதில் தாமதமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வையுங்கள். லைசென்ஸில் எப்போதாவது தடை, எச்சரிக்கை, விபத்து விசாரணை இருந்திருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். பழைய சம்பவத்தைவிட அதை மறைத்ததுதான் பின்னால் பெரிய குற்றமாக நிற்கும்.

சரி, கண்காணிப்பது யார்? இந்திய விமானத்தில் நீங்கள் செய்வது எல்லாம் டி.ஜி.சி.ஏ.யின் பார்வைக்குள் வரும். விமானத் தரவுப் பதிவைக் கொண்டு ஒவ்வொரு இறக்கத்தையும் நிறுவனமே அலசும். தவறு செய்தால் டி.ஜி.சி.ஏ. தற்காலிக அனுமதியை நிறுத்தலாம், ரத்து செய்யலாம். உங்கள் இலங்கை லைசென்ஸைத் தொட அதற்கு அதிகாரமில்லை. தகவலை உங்கள் அதிகார சபைக்கு அனுப்பும், மேல் நடவடிக்கை அவர்கள் கையில். இந்த இரண்டு மேசைகளுக்கும் நடுவில் காகிதம் தாமதமாகலாம், தொலையலாம். இந்த ஏற்பாட்டின் மிகப் பலவீனமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கண்காணிப்பவர்களையும் கண்காணிக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல்: பரிசோதகர்கள் போதவில்லை என்பது உள்ளிட்ட குறைகளுக்காக அமெரிக்காவின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.ஏ.ஏ. 2014 ஜனவரியில் இந்தியாவின் பாதுகாப்புத் தரத்தை ஒரு படி இறக்கியது, 2015 ஏப்ரலில்தான் திரும்ப ஏற்றியது.

காக்பிட்டுக்குள் வருவோம். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். கேப்டன் செர்பியாவைச் சேர்ந்தவர், 10,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், கோ-பைலட் இந்தியர். குரல் பதிவில் முதல் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் பேச்சே இல்லை, குறட்டைச் சத்தம்தான் கேட்டது. தூக்கத்திலிருந்து எழுந்த மந்தநிலையோடு, அதிக உயரத்தில் வந்து, 8,033 அடி ஓடுதளத்தில் சுமார் 5,200 அடி தாண்டித்தான் சக்கரத்தைத் தரையில் வைத்தார் என்றது விசாரணை அறிக்கை. இறங்காமல் விமானத்தை மேலே தூக்குங்கள் என்று கோ-பைலட் மூன்று முறை சொல்லியிருந்தார். கேப்டன் வெளிநாட்டவர் என்பதால் விபத்து நடந்தது என்று நான் சொல்லவில்லை. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் ஓடுதளத்தைத் தாண்டிய விமானத்தில் இருவரும் இந்தியர்கள்தான். நான் சொல்வது, அந்த மூன்று எச்சரிக்கைகள் ஏன் கேப்டனின் கையை அசைக்கவில்லை என்பதைப் பற்றி. இருபத்தைந்து வயதுக் கோ-பைலட்டுக்கு நீங்கள் வயதில் பெரியவர், வேற்று நாட்டவர், ஒரு வருடத்தில் போய்விடுபவர். அவர் வாய் திறக்கத் தயங்குவார். முதல் பிரீஃபிங்கிலேயே, ‘நான் நிலை தவறி இறங்கினால் நீங்கள் ஒருமுறை சொன்னாலே மேலே தூக்கிவிடுவேன்’ என்று சொல்லிவிடுங்கள். பிறகு அவர் சொல்லும்போது அப்படியே செய்யுங்கள்.

மங்களூரு, கோழிக்கோடு, லே போன்ற இடங்களுக்குக் கேப்டனுக்குத் தனித் தகுதி கேட்பார்கள். மழைக்காலத்துக்கும் தனிப் பயிற்சி உண்டு. பாலைவன வானிலையில் பல வருடம் ஓட்டியவருக்கு ஜூலை மாத மேற்குக் கரை புதிய பாடம். அந்த வகுப்புகளைச் சடங்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஓய்வு விதிகளும் மாறியிருக்கின்றன. 2025 ஜூலையிலிருந்து வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது. நவம்பரில் இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கும் விதி வந்தது. அதற்கேற்ப ஆள் இல்லாமல்தான் டிசம்பரில் இண்டிகோவின் சேவைகள் பெருமளவில் ரத்தாயின. ஆள் பற்றாக்குறைக் காலத்தில் வரும் ஒப்பந்தக் கேப்டனிடம்தான் ‘ஒரு செக்டர் மட்டும் கூட’, அதாவது இன்னும் ஒரு பயணம், என்று முதலில் கேட்பார்கள். 365 நாளில் 1,000 மணி நேரம் என்ற உச்சவரம்பில், வளைகுடாவில் நீங்கள் ஏற்கெனவே பறந்த மணிகளும் சேரும். கடந்த 12 மாதக் கணக்கை நிறுவன முத்திரையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள். ஓய்வு நாட்களில் ஊருக்குப் பறந்து, இரவுப் பயணத்தில் திரும்பி நேராக டூட்டிக்குப் போவதை ஒப்பந்தமே அனுமதித்தாலும் செய்யாதீர்கள்.

மது அருந்தியிருக்கிறாரா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனை பற்றியும் சொல்லியாக வேண்டும். சில நாடுகளில் எப்போதாவது பிடித்து ஊதச் சொல்வார்கள். இந்தியாவில் பறப்பதற்கு முன் ஊதுவது வழக்கமான கடமை, அனுமதிக்கப்பட்ட அளவு பூஜ்யம். ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ் போன்றவற்றுக்கும் 2023-லிருந்து தடை. முதல் தடவை சிக்கினால் மூன்று மாதம் பறக்கத் தடை, இரண்டாவது தடவை மூன்று வருடத் தடை, மூன்றாவது தடவை லைசென்ஸே ரத்து என்பது பொது விதி. ஓராண்டு ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு முதல் மூன்று மாதமே வேலையின் முடிவாகிவிடும்.

கடைசியாகப் பணமும் காகிதமும். ஏஜென்சி வேறு நாட்டிலிருந்து சம்பளம் அனுப்பினாலும், இந்தியாவில் செய்த வேலைக்கு இந்தியாவில் வரி உண்டு. அதை யார் கட்டுகிறார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். கிங்ஃபிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019-லும், கோ ஃபர்ஸ்ட் 2023-லும் பறப்பதை நிறுத்தியபோது ஊழியர்கள் சம்பள பாக்கிக்காக அலைந்தார்கள். ஒப்பந்தக்காரர் அந்த வரிசையில் எங்கே நிற்பார் என்று யோசியுங்கள். நிறுவனம் நின்றால் பாக்கியைக் கொடுப்பது ஏஜென்சியா நிறுவனமா, வழக்கு எந்த நாட்டு நீதிமன்றத்தில், ஊர் திரும்ப டிக்கெட் யார் செலவு, பறக்கும் தகுதியை நோயால் இழந்தால் காப்பீடு உண்டா? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒப்பந்தம் முடியும்போது பறந்த மணிகளுக்கான சான்று, பயிற்சி மற்றும் பரிசோதனைப் பதிவுகளின் நகல், உங்கள் மீது நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்ற கடிதம் ஆகிய மூன்றையும் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். அடுத்த நாடு முதலில் கேட்பது இவற்றைத்தான். ஒரு வருடம் கழித்து மின்னஞ்சலில் கேட்டால் பதில் சொல்ல அந்த மேசையில் அதே ஆள் இருக்க மாட்டார்.