எல்லோரும் கிளம்பிப் போகிற ஊரில் யாரோடு பழகுவது?

மதிப்பிற்குரிய மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு வயது 36. நாகர்கோவில் பக்கம் சொந்த ஊர். பொறியியல் கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கணவர் அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று ஆனதும், அவருடைய நெடுநாள் ஆசைப்படி கோஸ்ட்டா ரிக்காவுக்கு வந்தோம். பசிபிக் கரையில் குவானகாஸ்டே மாகாணத்தில் டமரிண்டோ என்ற கடற்கரை ஊர். மகளுக்கு ஏழு வயது. வெளிநாட்டு நிறுவனத்தில் சம்பாதிப்பவர்களுக்கு இந்த நாடு கொடுக்கும் விசாவில் இருக்கிறோம். முதல் வருடம் முடிந்து, நீட்டித்த இரண்டாவது வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கே வசதிக்குக் குறைவில்லை. கணவர் விடியற்காலையில் அலைச்சறுக்குக்குப் போய்விட்டு வந்து, எட்டு மணிக்கு லேப்டாப் முன்னால் உட்காருவார். இவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. மகள் பள்ளிக்குப் போய்விடுவாள். அதன் பிறகு எனக்குத் துணை, வீட்டுக்குப் பின்னால் மாமரத்தில் உட்கார்ந்து ஊளையிடும் குரங்குகள்தான்.

வந்த புதிதில் நிறையப் பேரோடு பழகினேன். ஒரு கனடாக்காரப் பெண், ஒரு அர்ஜென்டினா குடும்பம், யோகா வகுப்பில் இரண்டு பேர். மனசு விட்டுப் பேசலாம் என்று தோன்றும்போது, "அடுத்த வாரம் கிளம்புகிறோம்" என்பார்கள். அப்புறம் புது ஆட்கள் வருவார்கள். மறுபடியும் முதலிலிருந்து ஊர், பெயர், எத்தனை நாள் இருப்பீர்கள் என்ற விசாரிப்பு. இப்போது எனக்கு யாரையும் விசாரிக்கவே மனமில்லை. போன மாதம் என் மகள், பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் பெயரைக்கூடக் கேட்காமல், "நீ எப்போ போவே?" என்று கேட்டாளாம். அவளுடைய டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

உள்ளூர் மக்கள் ரொம்ப மரியாதையானவர்கள். ஆனால் நெருங்க முடியவில்லை. பக்கத்தில் வேலை செய்யும் ஒரு அம்மாவை இரண்டு முறை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். இரண்டு முறையும் முகம் மலர்ந்து வருகிறேன் என்றார், வரவில்லை. சமைத்து வைத்துக் காத்திருந்தேன். என் ஸ்பானிஷ் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான்.

அம்மாவிடம் பேசலாம் என்றால், எனக்குப் பகல் என்றால் அவர்களுக்கு நள்ளிரவு. இரவு எட்டு மணிக்குத்தான் அங்கே காலை ஏழரை. அந்த நேரத்தில்தான் கணவரும் மகளும் என்னோடு இருக்க ஆசைப்படுகிறார்கள். தங்கையிடம் ஏதாவது சொன்னால், "உனக்கென்னக்கா, சொர்க்கத்தில் இருக்கே" என்கிறாள்.

இது அக்டோபர். விடாமல் மழை. பாதிக் கடைகளை மூடிவிட்டார்கள். டிசம்பரில் சுற்றுலாப் பயணிகள் வந்தால் இரண்டு மடங்கு வாடகை கிடைக்குமாம், அதனால் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார் வீட்டுக்காரர். சில நாள் காரணமே இல்லாமல் குளியலறையில் அழுகிறேன். கணவரிடம் ஜாடையாகச் சொன்னேன். "நீ சொல்லு, நாளைக்கே போயிடலாம்" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. மகளை அழைத்துக்கொண்டு நான் மட்டும் ஊருக்குத் திரும்பிவிடலாமா? கிடைத்ததை அனுபவிக்கத் தெரியாதவளா நான்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நன்றி கெட்டவரோ, அனுபவிக்கத் தெரியாதவரோ இல்லை. கடல் அழகாக இருப்பதும், பேச ஆள் இல்லாமல் இருப்பதும் வேறு வேறு விஷயம். ஒன்று இருக்கிறது என்பதற்காக இன்னொன்று வலிக்காமல் போகாது. உங்கள் தங்கை அன்பில்தான் சொல்கிறார். ஆனால் அந்த வார்த்தை, வருத்தப்படும் உரிமையையே உங்களிடமிருந்து பறித்துவிடுகிறது.

தனிமையில் இரண்டு வகை உண்டு என்று 1973இல் ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிரித்துக் காட்டினார். நெருக்கமான ஓர் உறவு இல்லாத தனிமை ஒன்று. நமக்கென்று ஒரு வட்டம், அதாவது அக்கம்பக்கம், சக ஊழியர்கள், விசேஷத்துக்குக் கூப்பிட நாலு பேர் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றுக்கு மருந்தாக இருப்பது மற்றொன்றுக்கு ஆகாது என்பதுதான் அவர் சொன்னதில் முக்கியமானது. உங்களுக்கு முதல் வகைக் குறை இல்லை, கணவர் இருக்கிறார். நாகர்கோவிலில் கல்லூரி ஸ்டாஃப் ரூமும் தெருவும் சொந்தக்காரர்களும் கொடுத்த அந்த வட்டம்தான் இல்லை. எவ்வளவு அன்பான கணவராலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. அவர் நிரப்ப வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கவும் வேண்டாம், முடியவில்லையே என்று அவர் குற்ற உணர்வு கொள்ளவும் வேண்டாம்.

நட்பு உருவாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஜெஃப்ரி ஹால் என்ற கான்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆராய்ந்து, 2018இல் வெளியிட்டார். வெறும் அறிமுகம் ஓரளவு நட்பாக மாறவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் காபி குடித்துப் பேசினால், அந்த 50 மணிக்கே ஆறு மாதம் ஆகிவிடும். உங்கள் ஊரில் ஆறு மாதத்தில் பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள். அப்படியென்றால் உங்கள் பழக்கவழக்கத்தில் கோளாறு எதுவும் இல்லை. நட்பு கனிவதற்கு முன்பே ஆள் போய்விடுகிற இடத்தில் நீங்கள் திரும்பத் திரும்ப விதைக்கிறீர்கள். யாருக்கும் அலுத்துப்போகும்.

அதனால் என் யோசனை இதுதான்: கிளம்பிப் போகாதவர்கள் பக்கம் திரும்புங்கள். டமரிண்டோவில் விடுதி அறைகளைச் சுத்தம் செய்பவர்கள், சமைப்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள் பெரும்பாலும் கடற்கரையில் வசிப்பதில்லை. அந்த வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி வியாரியால் போன்ற ஊர்களில் இருக்கிறார்கள். நிகராகுவாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களும் அங்கே உண்டு. ஊரை விட்டு வந்து வாழ்வது என்றால் என்னவென்று, உங்களோடு யோகா செய்தவர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத அந்த அம்மாவைப் பற்றி. அது உங்களை ஒதுக்கியதாகாது. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதை அந்த நாட்டில் பலர் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். நம் ஊரிலும் கல்யாணப் பத்திரிகை வைத்தால், "கண்டிப்பா வந்துடறோம்" என்பதுதானே வழக்கம்? மேலும் அங்கே வீடு என்பது பெரும்பாலும் சொந்தபந்தங்களுக்கான இடம். புதிதாக அறிமுகமான வெளிநாட்டுக்காரர் வீட்டுக்கு, அதுவும் தான் வேலை செய்கிற பகுதியில், சாப்பிடப் போவது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். நட்பை வீட்டுச் சாப்பாட்டில் தொடங்காதீர்கள். அது கடைசிப் படி.

முதல் படி, அவர்கள் இருக்கும் இடத்தில் நீங்கள் தவறாமல் தென்படுவது. சோடா என்கிறார்களே, சோறும் அவரைப் பயறும் வாழைப்பழ வறுவலும் வைத்து கசாடோ போடும் சின்னச் சாப்பாட்டுக்கடை, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டவர் கூட்டம் வராத கடையாக இருக்கட்டும். ஒரே கிழமை, ஒரே நேரம், முடிந்தால் ஒரே மேசை. உள்ளே நுழைந்ததும் அங்கிருப்பவர்களைப் பார்த்து "புவேனாஸ்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். வாரச் சந்தைக்குப் போனால் மரவள்ளிக் கிழங்குக்காரரிடம் அதை எப்படிச் சமைப்பது என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் கேளுங்கள்; நாகர்கோவிலில் எப்படிச் செய்வோம் என்று அவரிடம் சொல்லவும் ஒரு வாய்ப்பு வரும். மாங்காயில் உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். புளி அவர்களுக்குப் பானம். பேச்சுக்குப் பொருள் தேட வேண்டியதில்லை.

ஸ்பானிஷ் படித்தே ஆக வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் வெளிநாட்டவருக்கான வகுப்பில் சேர்ந்தால் அங்கேயும் கிளம்பிப் போகிறவர்கள்தான் இருப்பார்கள். உங்கள் கையில் கணக்கு இருக்கிறது. வியாரியாலில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு வாரம் இரண்டு நாள் காசு வாங்காமல் கணக்கு சொல்லிக் கொடுங்கள். பதிலுக்கு அந்த வீட்டுப் பெரியவர் உங்களோடு ஸ்பானிஷில் பேசட்டும். பின்னம் சொல்லிக் கொடுக்க அதிக மொழி தேவையில்லை. பல மாதம் யாருக்கும் டீச்சராக இல்லாமல் இருப்பதும் உங்கள் அழுகையில் ஒரு பங்கு என்றே நினைக்கிறேன். உங்கள் காலை ஆறு மணி என்றால் இந்தியாவில் மாலை ஐந்தரை, ட்யூஷன் நேரம். ஊரில் உள்ள பிள்ளைகளுக்கு இணையவழியில் கணக்கு எடுக்கலாம். உங்கள் விசாவில் அந்நாட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர முடியாது, இது இந்தியாவிலிருந்து வரும் ஊதியம். என்றாலும் விசா பார்க்கும் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலைகளில் மகளைக் கிளப்பி அனுப்புவது கணவர் பொறுப்பாகட்டும். கடல் மற்ற நாட்களிலும் அங்கேதான் இருக்கும்.

உங்கள் மகள் கேட்ட கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஏழு வயதில், தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். அதற்காகக் கண்டிக்காதீர்கள். தோழிகள் போவதை அவளிடம் மறைக்கவோ, "இன்னொருத்தி வருவா" என்று சமாதானம் சொல்லவோ வேண்டாம். போகிற பிள்ளைக்கு ஒரு படம் வரைந்து கொடுப்பது, கடைசியாக ஒருமுறை சேர்ந்து விளையாடுவது, அழ வேண்டுமென்றால் அழுவது, எல்லாம் நடக்கட்டும். போனவர்களில் ஓரிருவரோடாவது வீடியோவில் பேச வைத்தால், போனவர்கள் எல்லாம் மறைந்துவிடுவதில்லை என்று அவளுக்குப் புரியும். உள்ளூர்ப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளி எட்டும் தூரத்தில் இருந்தால் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

இந்த அக்டோபரில் அவளை உங்கள் மாகாணத்திலேயே உள்ள ஒஸ்தியொனால் என்ற கடற்கரைக் கிராமத்துக்கு அழைத்துப் போகலாம். நம் சென்னைக் கடற்கரையில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை முட்டையிட வருமே பங்குனி ஆமை, அதே இனம் அங்கே மழைக்காலத்தில் ஆயிரக்கணக்கில் கரையேறுகிறது. கிராமத்து வழிகாட்டிகளோடுதான் பார்க்க விடுவார்கள். அவர்கள் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அதேபோல ஜனவரி நடுவில், நம் பொங்கல் வாரத்தில், சான்டா குரூஸ் ஊர்த் திருவிழா வருகிறது. மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பா இசையும் காளை விளையாட்டும் உண்டு, காளையைக் கொல்வதில்லை. குடும்பத்தோடு போய்விட்டு வாருங்கள்.

இனி உங்கள் கணவர் விஷயம். "நீ சொல்லு, போயிடலாம்" என்பது அன்பான வார்த்தைதான். ஆனால் முடிவின் முழுச் சுமையும் உங்கள் தலையில் விழுகிறது. போனால் அவர் சந்தோஷத்தைக் கெடுத்தது நீங்கள், இருந்தால் அழுவதும் நீங்கள். அதனால்தான் வாய் அடைத்துப்போனது. ஜாடையாகச் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில், மகள் விளையாடப் போயிருக்கும்போது உட்கார வைத்துப் பேசுங்கள். "என்னை ஊருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு நான் சொல்லலை. எனக்கு இங்கே கஷ்டமா இருக்கு. எவ்வளவு நாள் இருக்கப் போறோம்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணணும்" என்று சொன்னால் போதும். முடிவு தெரியாத காத்திருப்பு, கஷ்டத்தைவிடக் கஷ்டம். எப்படியும் உங்கள் விசாவை ஒருமுறைதான் நீட்டிக்க முடியும். அதன் பிறகும் இருக்க வேண்டும் என்றால், குடியிருப்பு அனுமதிக்கு வேறு வகையில் விண்ணப்பிக்க வேண்டும், அந்நாட்டு சமூகக் காப்பீட்டில் சேர வேண்டும், மாதா மாதம் பணம் கட்ட வேண்டும். அந்த முடிவைக் கடைசி நேரத்தில் எடுக்காமல் இப்போதே பேசத் தொடங்குங்கள்.

அதோடு வீட்டு விஷயத்தையும் பேசிவிடுங்கள். கடற்கரை வாடகைக்காக ஒவ்வொரு டிசம்பரிலும் மூட்டை கட்ட வேண்டாம். வியாரியாலிலோ அதற்கும் உள்ளேயோ, பன்னிரண்டு மாதத்துக்கும் செல்லுபடியாகும் ஒப்பந்தத்தோடு வீடு தேடுங்கள். அவர் அலைக்குப் போக வண்டியில் கொஞ்ச நேரம் கூடுதலாகும். உங்களுக்கு அக்கம்பக்கம் என்று ஒன்று கிடைக்கும்.

மகளோடு தனியாகத் திரும்பும் யோசனையை இந்த மழையில், இந்த மனநிலையில் முடிவு செய்யாதீர்கள். பள்ளி விடுமுறையில் ஒரு மாதம் ஊருக்குப் போய் அம்மாவோடு இருந்துவிட்டு வருவது வேறு, குடும்பத்தைப் பிரிப்பது வேறு. முதலாவதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். அழுகையோடு தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது ஊர் ஏக்கம் மட்டுமாக இருக்காது. மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. தமிழில் பேசும் மனநல நிபுணரை இணையவழியில் பார்க்கலாம். உங்கள் இரவு எட்டு மணி அவர்களுக்குக் காலை நேரம், அந்த ஒரு நாள் இரவுச் சாப்பாட்டைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கணவரிடம் சொல்லுங்கள், அங்கே அவசர உதவி எண் 911. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுவது சுலபமாக இருக்கும் என்று தோன்றினால், அப்படியே எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். பேசிய பிறகு என்ன முடிவு எடுத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.