பழைய வீட்டுச் செம்பருத்திக் குச்சி இலை உதிர்த்தால்

பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள், இலை கொட்டியதால் மட்டும் குச்சி செத்துவிடாது. சின்ன வயதில் வளர்ந்த வீட்டுக்குப் போய் ஒடித்து வந்து நட்ட செம்பருத்திக் குச்சி 10 நாளில் மொட்டையாகிவிட்டது என்கிறீர்கள். தினமும் இருவேளை தண்ணீர் ஊற்றுவதுதான் காரணமாக இருக்கும். வேரில்லாத குச்சி அவ்வளவு குடிக்காது, அடி அழுகும்.

நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அடி கறுத்துக் கொழகொழவென்றிருந்தால், பச்சை தெரியும்வரை வெட்டிவிட்டு, கணுவுக்குக் கீழே நறுக்கி, புது மணலில் நட்டு நிழலில் வையுங்கள். வெயில் தணிந்தும் மண்ணின் சூடு ஆறாத காலம் வேர்விட நல்ல நேரம்.

துளிர் வந்ததும் வேர் பிடித்ததாக நம்பிவிடாதீர்கள். குச்சியில் மிச்சமிருக்கும் சத்திலேயே 2 இலை வந்துவிடும். 6 முதல் 8 வாரம் அசைக்காமல் விடுங்கள். மறுபடி அந்த வீட்டுக்குப் போனால், பென்சில் கனத்தில் 4, 5 குச்சியாவது கொண்டுவாருங்கள். அந்தச் செடியை ஒற்றைக் குச்சியை நம்பி விட மனம் வரவில்லை.