கலிஃபோர்னியாவில் கவுண்டிக்குக் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) வீட்டு வாடகை ஏன் இவ்வளவு மாறுகிறது? எவ்வளவு வரை கட்டுப்படியாகும்?

வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகையும் மின்சாரம், தண்ணீர் செலவும் அடங்கினால் கட்டுப்படியாகும் என்பது அமெரிக்க அரசின் அளவுகோல். 2025-இல் கலிஃபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர். வாரம் 40 மணி நேரம் வேலை பார்த்தால் மாதம் 2,860 டாலர் வரும். அதில் 30 சதவீதம் 858 டாலர். சிலிக்கான் பள்ளத்தாக்கு இருக்கும் சான்டா கிளாரா கவுண்டியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாத வாடகை 2,500 டாலருக்கு மேலேயே போகிறது. இது தனி ஆள் கூலிக்கு எட்டவே எட்டாது.

காரணம் எளிது: கடலோரக் கவுண்டிகளில் வேலைகள் பெருகின, வீடுகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. பல நகரங்களில் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் தனி வீடுதான் கட்டலாம் என்றே விதி வைத்திருந்தார்கள்.

சரி, கடலோரத்தை விட்டு உள்பகுதிக்குப் போனால்? சான் வாக்கீன் கவுண்டியில் வாடகை குறைவுதான். ஆனால் அங்கே குடியேறிய பலர் விடியுமுன்பே ஆல்டமான்ட் கணவாய் தாண்டி கடலோரப் பக்கம் வேலைக்கு ஓடுகிறார்கள். பெட்ரோலையும் நேரத்தையும் கணக்கில் சேர்க்காமல் மலிவு என்று சொல்வது நியாயமே இல்லை.

அதே உள்பகுதியில் இருக்கும் ஃப்ரெஸ்னோ கவுண்டியில் வாடகை இன்னும் குறைவு, சம்பளமும் குறைவு. அதனால் வாடகையை மட்டும் பார்க்காதீர்கள், அந்தக் கவுண்டியில் உங்கள் வேலைக்கு என்ன சம்பளம் என்று முதலில் பாருங்கள்.