சொந்தக் கையால் செதுக்கிய லூர் தண்ணீரில் சாய்கிறதா?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஐயா, கதவு வேலையில் மிஞ்சிய தேக்குத் துண்டில் நாலு அங்குல நீளத்துக்கு மீன் மாதிரி ஒரு லூர் (தூண்டிலில் கட்டும் போலி இரை) செதுக்கினேன். பார்க்க நன்றாகவே வந்தது. ஆனால் ஏரியில் வீசி இழுத்தால் பக்கவாட்டில் சாய்ந்து சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. தூண்டில் நரம்பெல்லாம் முறுக்கிக்கொள்கிறது. இரண்டு முறை போய் வந்ததற்குள் பெயிண்ட் உப்பி உரிந்தும் விட்டது. விராலுக்காகத்தான் செய்தேன். எங்கே கோளாறு? வேறு எந்த மரம் எடுக்கலாம்?"

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். செதுக்கலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செவுளும் வாலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்கின்றன. சாய்வதற்கும் பெயிண்ட் உரிவதற்கும் காரணம் உங்கள் கைவேலை இல்லை, வேலையைச் செய்த வரிசைதான். லூருக்குப் பெயிண்ட் கடைசி வேலை. அதற்கு முன்பே அது வாளித் தண்ணீரில் நேராக நிற்க வேண்டும், நீர் உள்ளே புகாதபடி அடைபட்டிருக்க வேண்டும். இந்த இரண்டும் முடியாமல் தூரிகையைத் தொடாதீர்கள்.

முதலில் சாய்வது. ஒரே சீரான மரக்கட்டையில் எடையின் மையமும் மிதப்பின் மையமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கும். அப்படிப்பட்ட கட்டைக்கு வயிறு கீழே, முதுகு மேலே என்று நிற்க எந்தக் காரணமும் இல்லை. வயிற்றில் தொங்கும் தூண்டில் முள்கள் கொஞ்சம் உதவும், ஆனால் இழுக்கும் வேகத்தில் அது போதாது. எடையின் மையத்தைக் கீழே இறக்கினால்தான் லூர் நிமிர்ந்து நிற்கும். அதற்குத்தான் வயிற்றில் ஈயம் புதைக்கிறோம். உங்கள் லூரில் ஈயமே இல்லை. தேக்கில் செய்ததால் ஈயம் வைக்க இடமும் இல்லை.

ஏன் இடமில்லை என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சமையலறை டிஜிட்டல் தராசின் மேல் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். செதுக்கிய உடலை மெல்லிய ஊசியால் குத்திப் பிடித்து, கிண்ணத்தின் சுவரிலோ அடியிலோ படாமல் முழுதும் அமுக்குங்கள். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, உடலின் கன அளவு அத்தனை மில்லி. உங்கள் அளவு லூருக்கு 20 மில்லி வரும் என்று வைத்துக்கொள்வோம். லூரின் மொத்த எடை 20 கிராமைத் தாண்டினால் மூழ்கும், குறைந்தால் மிதக்கும். தேக்கு ஒரு மில்லிக்குச் சுமார் 0.65 கிராம், ஆக உடல் மட்டும் 13 கிராம். முள், வளையம், கம்பி, லிப் (மூக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு) எல்லாம் சேர்ந்து ஒரு 5 கிராம், பூச்சு 1 கிராம். இதற்கே 19 ஆகிவிட்டது. மிச்சமுள்ள 1 கிராமில் என்ன ஈயம் வைப்பது? இதே உடலைக் குமிழ் மரத்தில் செய்தால் 9 கிராமில் முடியும். மொத்தம் 15 கிராம், கையில் 5 கிராம் மிச்சம். அதில் 3 கிராமை ஈயத்துக்குக் கொடுத்துவிட்டு, 2 கிராமை மிதப்புக்கு விட்டுவிடலாம்.

ஈயத்தை எங்கே வைப்பது என்பதை வாளிதான் சொல்லும். உடலுக்கு ஒரு கை சீலர் அடித்துக் காயவிட்டு, முள், வளையம், லிப் எல்லாவற்றையும் தற்காலிகமாக மாட்டுங்கள். ஈயத் துண்டை முன் முள்ளுக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்டால் வயிற்றோடு கட்டி வாளியில் விடுங்கள். பிறகு லூரை மல்லாக்கப் பிடித்து அமுக்கி விட்டுப்பாருங்கள். சட்டென்று புரண்டு நிமிர வேண்டும். யோசித்து யோசித்துத் திரும்பினால் ஈயம் போதவில்லை. வால் தொங்கினால் ஈயத்தை முன்னால் தள்ளுங்கள், மூக்கு குத்திக்கொண்டு நின்றால் பின்னால் தள்ளுங்கள். மட்டமாகவோ மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நின்றால் சரி. அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து, துளைபோட்டு, ஈயத்தை உள்ளே புதையுங்கள். வெளியே கட்டியபோது இருந்ததைவிட, புதைத்தபின் லூர் ஒரு பொட்டு கூடுதலாக அமிழும். அதற்கு இடம் விட்டு, ஈயத்தைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். தூரம் போகட்டும் என்று வாலில் ஈயம் வைப்பவர்கள் உண்டு. வீச்சு நன்றாகத்தான் போகும். ஆனால் லிப் வைத்த லூரில், இழுக்கும்போது மீன்போல நெளியும் அந்த ஆட்டம் செத்துவிடும். ஆட்டம் இல்லாவிட்டால் லூர் வெறும் கட்டைதான்.

ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கவே உருக்காதீர்கள். அந்தப் புகையும் தூளும் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. கடையில் கிடைக்கும் ஈயக்குண்டையே நறுக்கிப் பயன்படுத்துங்கள், பல்லால் கடிக்க வேண்டாம், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் இரும்பு பால்ஸும் ஆகும். ஈயத்தைவிட எடை குறைவு என்பதால் எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான்.

நிமிர்ந்து நிற்கும் லூரும் சில சமயம் சுற்றும். லிப் கோணலாக இருந்தால் அப்படி ஆகும். மீன் வடிவத்துக்கு உருட்டிச் செதுக்கிய பிறகு லிப்புக்கு வெட்டுப்போட்டால் எதை வைத்து மட்டம் பார்ப்பீர்கள்? நேரான பக்கமே மிச்சம் இருக்காதே. அதனால் கட்டை செவ்வகமாக இருக்கும்போதே நான்கு பக்கமும் நடுக்கோடு போட்டு, லிப் வெட்டு, கம்பிக்கான பள்ளம், ஈயத்துக்கான துளை மூன்றையும் முடித்துவிடுங்கள். துளை சரியாக எங்கே என்பது முதல் லூரில் தெரியாது. அதனால் முதல் ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு வாளியில் இடம் கண்டுபிடியுங்கள். அதே மரத்தில் அதே அச்சில் வெட்டும் அடுத்தவற்றுக்கு அந்த அளவு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். பிறகுதான் உளி, கத்தி, அரம், உப்புத்தாள்.

மரத்துக்கு வருவோம். என் முதல் தேர்வு குமிழ். லேசானது, காய்ந்தபின் அதிகம் முறுக்காது, கத்திக்கு வழவழவென்று இறங்கும். மர டிப்போவில் கேட்டால் துண்டாகவே தருவார்கள். மலைவேம்பும் லேசு, ஆனால் நார் கொஞ்சம் சிலும்பும். ஓசூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு வழி, தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்கள் வந்திறங்கும் பைன் மரப் பெட்டிகளும் பேலட்டுகளும். பழைய மரக் கடைகளில் அவற்றைப் பிரித்து விற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பலகை என்றால் முத்திரை பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையிட்டது, அதை அறுத்துத் தூளைச் சுவாசிக்க வேண்டாம். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கு பார்த்தாலும் மாமரம்தான், ஆனால் லூருக்கு எடை அதிகம், பூச்சி துளைத்து உளுத்தும் போகும். கல்யாண முருங்கை தக்கைபோல லேசு. அதுவே அதன் பலவீனமும்கூட, விரால் ஒரு கடி கடித்தாலே அமுங்கிவிடும்.

எந்த மரம் எடுத்தாலும் திருகு வளையத்தை மட்டும் நம்பாதீர்கள். லேசான மரத்தில் அது மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். வாயில் முள்ளோடும் லூரோடும் ஓடிப்போகும் மீன் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பி ஒன்றே மூக்கில் தொடங்கி, வயிற்றில் ஒரு வளையம் விட்டு, வாலில் முடியட்டும். வயிற்றின் நடுக்கோட்டில் ஹாக்சா பிளேடால் பள்ளம் போட்டுக் கம்பியை உள்ளே இறக்கி, அரால்டைட்டில் மரத்தூளைக் குழைத்து அடைத்துவிடுங்கள். மரமே பிளந்தாலும் மீனும் முள்ளும் உங்கள் நரம்போடுதான் இருக்கும்.

இனி உங்கள் இரண்டாவது தொல்லை. பெயிண்ட் உப்பியது பெயிண்டின் குற்றம் அல்ல. மரத்துக்குள் தண்ணீர் போயிருக்கிறது. மரம் ஊதியது, அதன்மேல் இருந்த பூச்சால் ஊத முடியவில்லை, வெடித்துவிட்டது. தண்ணீர் பெரும்பாலும் பக்கவாட்டில் நுழைவதில்லை. மூக்கிலும் வாலிலும் மரத்தின் நாரோட்டம் வெட்டுப்பட்ட முனைகள், திருகுத் துளைகள், லிப் வெட்டு, இவைதான் வாசல். உங்கள் படத்தில் விரிசல் வால் திருகைச் சுற்றித்தான் தொடங்கியிருக்கிறது, கவனித்தீர்களா? தேக்குக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால், தின்னர் நனைத்த துணியால் துடைக்காமல் அடித்தால் பூச்சு சரியாக ஒட்டாது.

அடைக்கும் முறை எளிது. நன்றாகக் காய்ந்த உடலுக்கு மரச் சீலரைத் தின்னரில் தண்ணீராகக் கரைத்து முதல் கை கொடுங்கள், உள்ளே ஊறட்டும். முனைகளுக்கும் துளைகளுக்கும் மட்டும் இன்னும் இரண்டு மூன்று முறை சொட்டு விடுங்கள். காய்ந்ததும் நார் சிலிர்த்து நிற்கும். 320 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி அடியுங்கள். சரியாக அடைபட்டதா என்று தெரிய வேண்டுமா? லூரைத் தராசில் நிறுத்து, இரவு முழுக்கத் தண்ணீரில் அமுக்கி வைத்து, காலையில் துடைத்து மறுபடி நிறுங்கள். எடை கூடியிருந்தால் ஏதோ ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் பெயிண்டுக்குப் போகாதீர்கள்.

பின்லாந்தின் மீனவர் லவுரி ராப்பலா 1936-ல் தன் முதல் லூரைத் தக்கையில் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த தாளைப் போர்த்தி, உருக்கிய புகைப்பட பிலிமால் மேற்பூச்சு கொடுத்தார். கையில் வசதி ஒன்றுமில்லை, ஆனாலும் தண்ணீர் புகாமல் மூட வேண்டும் என்பதில் அவர் சமரசம் செய்துகொள்ளவில்லை. நமக்கு ரெசின் கிடைக்கிறது. பெயிண்ட் காய்ந்தபின் தெளிவான எபாக்சி ரெசினை மெல்லியதாகப் பூசி, கெட்டியாகும்வரை லூரைத் திருப்பிக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் வயிற்றில் வழிந்து குண்டாகும், பார்த்துப் பார்த்து வைத்த சமநிலையும் கெடும். பெயிண்ட் எனாமலாக இருந்தால் அதன்மேல் தின்னர் கலந்த வார்னிஷ் அடிக்காதீர்கள், சுருங்கிப் போகும்.

நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முதுகு இருட்டாக, வயிறு வெளுப்பாக இருந்தால் போதும்.

லிப்புக்குப் பழைய சி.டி.யே அருமையான பொருள். அது பாலிகார்பனேட், கனம் 1.2 மில்லிமீட்டர். பளபளப்புப் பூச்சை டேப் ஒட்டி உரித்துவிட்டு, சிறு பல் ரம்பத்தால் அறுத்து அரத்தால் தீட்டுங்கள். கத்தரியால் வெட்டினால் தெறிக்கும். லிப் உடலோடு ஒரே நேர்கோட்டை ஒட்டி நீண்டிருந்தால் லூர் ஆழம் போகும், செங்குத்தாக நின்றால் மேலாகவே அகல ஆடும். எல்லாம் முடிந்து வீசும்போது லூர் ஒரு பக்கமாக இழுத்தால், மூக்கை உங்களை நோக்கிப் பிடித்துக்கொண்டு, ஓடிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், நரம்பு கட்டும் முன்வளையத்தை மயிரிழை வளையுங்கள். ஒரு வளைவு, ஒரு வீச்சு. இப்படியே போனால் நேராகிவிடும்.

விராலுக்கு இந்த வடிவம் சரியா என்றால், எனக்கு உடன்பாடில்லை. விரால் மேலே வந்து காற்று குடிக்கும் மீன். பாசியும் ஆகாயத்தாமரையும் அடர்ந்த ஓரத்தில்தான் படுத்திருக்கும். அங்கே இரண்டு முக்கவர் முள் தொங்கும் லூரை வீசினால் பாசியைத்தான் இழுத்துக்கொண்டு வருவீர்கள். அடர்ந்த இடத்துக்கு ரப்பர் தவளையே மேல். மீன் கவ்வியதும் அது அமுங்கி முள் வெளியே வரும், மரம் அமுங்காது. பாசி முடிந்து தண்ணீர் திறக்கும் விளிம்புக்கு மரம் நன்றாக ஆகும். லிப் இல்லாமல் ஐந்தாறு சென்டிமீட்டரில், வாய் குழிந்த பாப்பர் (நீர்மட்டத்தில் சுண்டினால் சத்தமெழுப்பும் லூர்) ஒன்று செய்யுங்கள். முக்கவர் முள்ளுக்குப் பதில் வாலில் ஒற்றை முள் போடுங்கள், அதன் கொண்டியை, அதாவது நுனிக்குப் பின்னால் எதிர்த்து நிற்கும் கூரை, குறட்டால் அமுக்கிவிடுங்கள். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளிக்கும் இடத்தில் மட்டும் வீசாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அவை போனால் அந்தக் குஞ்சுகளில் ஒன்றும் மிஞ்சாது.

ஏரிகள் பலவும் மீன்பிடிக் குத்தகைக்கு விடப்பட்டவை. குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள், கிருஷ்ணகிரி அணையானாலும் அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் பக்கம் காவிரியில் வீசிப்பார்க்க ஆசை வரும், அது வேறு கதை. தர்மபுரி, கிருஷ்ணகிரி காடுகளில் ஒரு பகுதி 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்கள் ஆகிவிட்டன. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே தூண்டில் எடுக்கக்கூடாது. காவிரிக்கே உரிய திமில் மஹசீர் அழிவின் விளிம்பில் இருக்கும் மீன் என்பதையும் மனதில் வையுங்கள்.

கையில் இருக்கும் தேக்கு லூரை எறிந்துவிட வேண்டாம். பூச்சைச் சுரண்டி, லிப்பைக் கழற்றி, வெட்டை அடைத்துவிடுங்கள். திருகுகளை எடுத்துவிட்டு முழுக்கம்பி போட்டு, வயிற்றில் முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் சேர்த்து 4 கிராம் ஈயம் புதையுங்கள். மொத்தம் 20 கிராமைத் தாண்டும், மெதுவாக மட்டமாக அமிழும். பாசியில்லாத ஆழத் தண்ணீரில் வீசி, கொஞ்சம் இறங்கவிட்டு, கம்பை விட்டுவிட்டுச் சுண்டி இழுக்க அது நல்ல லூர்.