கேள்வி பதில்: 'ரோபோ' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கேள்வி: 'ரோபோ' என்பதற்கு மூலமொழியில் இயந்திரம் என்று பொருள் உண்டா? 'இயந்திர மனிதன்' என்ற தமிழாக்கம் சரிதானா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: மூலச்சொல்லில் இயந்திரம் என்ற பொருளே இல்லை. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால், குடியானவர்கள் நிலப்பிரபுவின் வயலில் கூலியின்றிச் செய்ய வேண்டியிருந்த கட்டாய உழைப்பு. இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹீமியாவில் அதை வாரத்துக்கு 3 நாட்களுக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தவே 1775இல் அப்பகுதியை ஆண்ட அரசி மரியா தெரேசா ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. 1848இல்தான் அது அடியோடு ஒழிந்தது.

செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தில்தான் அச்சொல்லிலிருந்து பிறந்த 'ரோபோ' செயற்கை உழைப்பாளிகளின் பெயராகிறது. ஆனால் அதை உருவாக்கியவர் அவரல்லர். உழைப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'லபோரி' என்று பெயரிடலாமா, அது ஏட்டுச் சொல்லாக ஒலிக்கிறதே என்று அவர் தயங்கியபோது, ஓவியம் தீட்டிக்கொண்டிருந்த அண்ணன் யோசெப், வாயில் கவ்விய தூரிகையோடு, "அப்படியானால் ரோபோக்கள் என்று வை" என்று முணுமுணுத்தாராம். இதை 1933இல் செய்தித்தாள் ஒன்றில் எழுதி, பெருமை முழுவதையும் அண்ணனுக்கே காரெல் உரித்தாக்கினார். ஒரு சொல்லின் பிறப்பு இவ்வளவு அருகிலிருந்து பதிவாவது அரிது என்பதால், இந்தச் சிறு குறிப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்நாடகத்தின் ரோபோக்கள் இரும்பாலானவையும் அல்ல. மாவு பிசைவதுபோல் தொட்டிகளில் சதைக்குழம்பைப் பிசைந்து, நரம்புகளை ஆலையில் நூற்று, மனித உருவிலேயே அவற்றைச் செய்கிறார்கள். உலோக உடல் பின்னாளில் பொதுமக்கள் மனத்தில் படிந்த உருவம். ரோபோக்களைப் பற்றிய துறைக்குரிய 'ரோபாட்டிக்ஸ்' என்ற சொல்லை, அது ஏற்கெனவே வழக்கில் இருப்பதாக எண்ணியே அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1941இல் ஒரு சிறுகதையில் எழுதிவிட்டார்.

எனவே, 'இயந்திர மனிதன்' இன்றைய பொருளுக்குப் பொருந்துகிறது; சாப்பெக் சகோதரர்கள் சொல்லுக்குள் வைத்த அடிமை உழைப்பின் வலி அதில் இல்லை. அந்த வலிக்கு நிகரான சொல் நம்மிடமும் உண்டு. கூலியில்லாக் கட்டாய உழைப்பைச் சோழர் காலக் கல்வெட்டுகள் 'வெட்டி' என்று குறிக்கின்றன. பயனற்ற வேலையை 'வெட்டி வேலை' என்று நாம் இன்று சொல்லும்போது, அந்தக் கட்டாயத்தின் நினைவு அதிலும் மறைந்துவிட்டது.