குளத்துக்கு முன் கூட வேண்டியவர்கள்

கேள்வி: எங்கள் பகுதியில் முப்பது குடும்பங்கள் சேர்ந்து நீச்சல் சங்கம் ஒன்றைத் தொடங்க விரும்புகிறோம். சொந்தக் குளம் கட்ட நன்கொடை திரட்டுவதிலிருந்து ஆரம்பிக்கலாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: நன்கொடை நோட்டைச் சற்று ஒதுக்கி வையுங்கள். 25 மீட்டர் நீளமும் 12.5 மீட்டர் அகலமும் சராசரி 1.5 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு குளத்தை நிரப்பவே ஏறத்தாழ 4.7 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் நீச்சல் குளங்களில் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மழைக்காலத்தில் ஒருவரும் குளிக்க வராத நாளிலும் வடிகட்டி மோட்டார் ஓடித்தான் ஆக வேண்டும்; மின்கட்டணமும் வந்துகொண்டுதான் இருக்கும். உங்கள் அல்சூர் ஏரிக்கரையை ஒட்டியே மாநகராட்சியின் கென்சிங்டன் நீச்சல் குளம் இருக்கிறது. அங்கோ வேறொரு குளத்திலோ, காலையில் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு லேன்களை (நீந்தும் தடங்களை) வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள்.

கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1960-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். காசோலையில் யார் கையெழுத்திடுவது, சந்தா பாக்கி வைத்தவரை எப்போது நீக்குவது என்ற இரண்டையும் நட்பு நன்றாக இருக்கும்போதே துணைவிதிகளில் எழுதிவிடுங்கள். கோச் ஒருவர் போதாது. லைஃப்கார்டு தனியாக வேண்டும். ஒரு பிள்ளையின் கையசைவைத் திருத்திக்கொண்டிருப்பவரால் மற்ற பதினைந்து தலைகளை எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

வளர்ச்சி என்பது வேறு கதை. ஏப்ரல், மே மாதங்களில் கோடைப் பயிற்சிக்குக் குழந்தைகள் நிரம்பி வழிவார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நீந்தப் பழகப் பிடித்துக்கொள்ளும் கிக்போர்டு பலகைகள் மூலையில் காய்ந்து கிடக்கும். இதற்கு மருந்து, துண்டையும் டிபன் டப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் இருக்கிறது என்பது என் கருத்து. அவர்களுக்கென்று பெண் பயிற்சியாளரோடு ஒரு பேட்ச் தொடங்குங்கள். அம்மா உறுப்பினராகிவிட்ட வீட்டில் பிள்ளையின் சந்தா நிற்பதில்லை. தண்ணீருக்குப் பயப்படுகிறவர்களையும் திருப்பி அனுப்பாதீர்கள். ஐந்து வயதில் தண்ணீரில் மூழ்கி உயிர் தப்பிய நிஷா மில்லட், தந்தையின் வற்புறுத்தலால் 1991-இல் சென்னை ஷெனாய் நகர் நீச்சல் குளத்தில் நீந்தக் கற்றுக்கொண்டு, பின்னர் பெங்களூருவில் பயிற்சி பெற்று, 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நீந்தினார்.

கேள்வி: எங்கள் சங்கத்துக் குளத்தில் நெடி மூக்கைத் துளைக்கிறது, கண்ணும் எரிகிறது. குளோரின் நன்றாகப் போட்டிருப்பதற்கு அதுவே அடையாளம் என்கிறார்கள். சரிதானா?
– வாசகி, ஜெயநகர், பெங்களூரு

பதில்: இல்லை. பெரும்பாலும் உண்மை அதற்கு நேர்மாறானது. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களே அந்த நெடிக்கும் எரிச்சலுக்கும் முக்கியக் காரணம். குளிக்காமல் குளத்தில் இறங்குகிறவர்கள் மிகுந்திருக்கிறார்கள், கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் அவர்கள் கொண்டுவரும் அழுக்கிலேயே செலவாகிவிடுகிறது என்று பொருள். அழுக்கோடு சேராமல் எஞ்சியிருக்கும் தனித்த குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு) வரையிலும், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2 முதல் 7.8 வரையிலும் இருப்பது நல்லது, பி.எச். ஏற ஏற, போட்ட குளோரினின் வீரியம் குறைந்துகொண்டே போகும். சோதனைப் பெட்டியிலுள்ள சிறு குழாயில் குளத்து நீரைப் பிடித்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மாறும் நிறத்தைப் பக்கத்திலுள்ள அட்டையோடு ஒப்பிட ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த அளவுகளைக் குறித்து வைக்கும் நோட்டை, உறுப்பினர் என்ற முறையில், கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு மாதம் முழுவதும் ஒரே எண், ஒரே பேனா, ஒரே மூச்சில் எழுதிய கையெழுத்து என்றிருந்தால், அடுத்த பொதுக்குழுவில் அந்த நோட்டையே மேசைமேல் வைத்து விளக்கம் கேளுங்கள்.