காட்டுக்குப் போன இட்லி மாவு

அன்புள்ள ஐயா,

வணக்கம். பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கோயில் இளைஞர் குழுவில் எட்டுப் பேர் மலேசியாவின் தேசியப் பூங்காவான தாமான் நெகாராக் காட்டுக்குப் போய், கெப்பாயாங் குகையில் ஓர் இரவு தங்கி, மூன்று நாள் காட்டில் நடந்துவிட்டு வந்தோம். திருவிழா மலருக்கு அதை நகைச்சுவையாக எழுதித் தரச் சொன்னார்கள். எழுதியதை இத்துடன் அனுப்புகிறேன். புலி, அட்டை, வெடித்த இட்லி மாவு எல்லாம் இருக்கிறது. ஆனால் படித்துக் காட்டியபோது கூட வந்த ஏழு பேரே சிரிக்கவில்லை. எங்கே கோளாறு?

இப்படிக்கு,
ஒரு வாசகர், பகாவ்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். கட்டுரையைப் படித்தேன். சரக்குக்குக் குறைவில்லை. எல்லாவற்றையும் ஊதிப் பெரிதாக்கியதில்தான் சிரிப்பு போய்விட்டது. ‘அட்டைகள் மழைபோல் பொழிந்தன’, ‘வானை முட்டும் மலை’, ‘உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினோம்’ என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மலரைக் கையில் எடுக்கப்போவது யார் என்று யோசியுங்கள். பால் மரம் சீவிய பாட்டிகள், செம்பனைக் குலை வெட்டும் அண்ணன்மார்கள். அட்டையும் முள்ளும் அவர்களுக்கு அன்றாடம். ‘சும்மா அளக்கிறான்’ என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நடந்ததை நடந்த வரிசையில், ஏன் நடந்தது என்பதோடு சொல்லுங்கள். சிரிப்பு அதற்குள்ளேயே இருக்கிறது.

மாவை எடுத்துக்கொள்வோம். உங்கள் கட்டுரையின் உயிரே அதுதான். அதை நான்காம் பக்கத்தில், ‘படகில் மாவு பாட்டில் வெடித்து ஒரே கலாட்டா’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அரைத்த மாவில் உள்ள நுண்ணுயிர்கள் அதிலிருக்கும் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. நம் ஊர்ச் சூட்டில் எட்டு மணி நேரத்துக்குள் மாவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். பொங்கி முடிந்த பிறகும் வாயு வந்துகொண்டுதான் இருக்கும். பாத்திரத்தில் தட்டைப் போட்டு மூடியிருந்தால் இடுக்கு வழியாகப் போய்விடும். திருகு மூடியை இறுக்கிவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. கோல தெம்பெலிங் படகுத்துறையிலிருந்து பூங்காவின் நுழைவாயிலான கோல தஹானுக்கு ஆற்றில் சுமார் 60 கிலோமீட்டர். நீரை எதிர்த்துப் போகும்போது மூன்று மணி நேரம் வரை ஆகும். அவ்வளவு நேரமும் பை வெயிலில் கிடந்திருக்கிறது. வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதை எழுதும் வரிசை முக்கியம். முதல் பத்தியிலேயே, விடியற்காலையில் பகாவில் கிளம்பும்போது, ‘சிந்திவிடக் கூடாது என்று மூடியை இரண்டு கையாலும் இறுக்கினான்’ என்று எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுங்கள். லயத்துப் பெண்கள் அந்த வரியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மாவு என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும், உங்கள் நண்பனுக்குத் தெரியாது. ஜெராண்டுட்டில் இறங்கும்போது பாட்டிலின் அடிப்பக்கம் உப்பி, நேராக நிற்க மறுத்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதை அந்த இடத்திலேயே சொல்லுங்கள். விளக்கம் கொடுக்காதீர்கள். பிறகு படகு, ஆறு, கரையில் தண்ணீர் குடிக்கும் எருமைகள். அதற்கப்புறம் சத்தம். ‘ஒரே கலாட்டா’ என்பதை அடித்துவிட்டு, எத்தனை லிட்டர் மாவு, எந்தப் பைக்குள், யாருடைய மாற்றுத் துணிமேல், முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்து என்ன கேட்டார் என்பதை எழுதுங்கள். இன்னொன்றையும் கோட்டை விட்டிருக்கிறீர்கள். மாவு முதல் நாளே போய்விட்டது. இட்லிச் சட்டி மட்டும் மூன்று நாளும் உங்களோடு நடந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதைத் தூக்கியவர் யார் என்று ஒரு வரி போதும்.

‘மூட்டை மூட்டையாகச் சாப்பாடு’ என்பதும் வேண்டாம். 24 சார்டின் டின் என்று பின்னால் நீங்களே சொல்கிறீர்கள். பெரிய டின் ஒன்று 425 கிராம். அப்படியானால் சார்டின் மட்டுமே, குழம்போடு சேர்த்து, பத்து கிலோவுக்கு மேல். அந்தக் கணக்கைப் போடுங்கள், டின் திறப்பானை யாரும் எடுத்து வரவில்லை என்பதைப் பக்கத்திலேயே வையுங்கள்.

அட்டை மரத்திலிருந்து பொழிவதில்லை. தாமான் நெகாராவில் நீங்கள் பார்த்திருக்கக்கூடியவை இரண்டு வகை. பழுப்பு அட்டை தரையில் சருகுக்குள் கிடக்கும். கடித்தால் பெரும்பாலும் தெரியாது. புலி அட்டைக்கு உடம்பில் மஞ்சள் கோடு இருக்கும். முழங்கால், இடுப்பு உயரத்து இலையில் காத்திருக்கும், கடித்தால் சுருக்கென்று இருக்கும். நம் மூச்சுக் காற்று, உடல் சூடு, தரையின் அதிர்வு இவற்றை வைத்துத்தான் நம்மைக் கண்டுபிடிக்கிறது. இலை நுனியில் பின்பக்கத்தால் ஒட்டிக்கொண்டு, முன்பக்கத்தை நீட்டி இப்படியும் அப்படியும் துழாவும். மழைபோல் பொழிந்ததைவிட அந்தத் துழாவலைப் பார்த்து எட்டுப் பேரும் ஓரமாக ஒதுங்கி நடந்ததுதான் சிரிப்பு. லைட்டரால் சுட்டு எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். மலரைப் படிக்கும் பிள்ளைகளும் அதையே செய்வார்கள், எடுத்துவிடுங்கள். சூடு பட்டாலும் உப்பு பட்டாலும் அட்டை வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக் கூடும். மெல்லிய முனையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளி, பிறகு தடித்த முனையை எடுக்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை அது செலுத்திவிடுவதால் காயம் வெகுநேரம் ஒழுகிக்கொண்டிருக்கும்; ஆபத்தில்லை. புகையிலைத் தண்ணீரில் நனைத்த காலுறை உதவும், ஆனால் ஓர் ஓடையைக் கடந்தால் கழுவிப்போய்விடும்.

பிரம்பு முள் சட்டையைப் பிடித்த இடம் நன்றாக வந்திருக்கிறது. காரணத்தையும் சேர்த்தால் இன்னும் ஏறும். அந்த முட்கள் பின்பக்கமாக வளைந்த கொக்கிகள். முன்னால் இழுக்க இழுக்க ஆழமாகப் பதியும். ஓர் அடி பின்னால் வைத்தால்தான் விடும். ஒற்றையடிப் பாதையில் முதல் ஆள் பின்னால் கால் வைத்தால் மற்ற ஏழு பேரும் வைக்க வேண்டும். அந்தக் காட்சியை முழுதாக எழுதுங்கள்.

தலைவரின் விலை உயர்ந்த பூட்ஸ் முதல் நாளே வாயைப் பிளந்ததற்கும் காரணம் உண்டு. அடித்தளத்தில் இருக்கும் பாலியூரித்தேன், அலமாரியில் சும்மா இருந்தாலும் காற்றின் ஈரத்தில் வருடக்கணக்கில் சிதைந்துகொண்டே வரும். போட்டு நடந்த அன்று உதிரும். மரம் சீவப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் காலணியை, அதுதான் அடிடாஸ் கம்போங், போட்டு வந்த தம்பிக்கு மூன்று நாளும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் ஊர் இதைப் படித்துச் சிரிக்கும், கொஞ்சம் பெருமையும் படும்.

வழிகாட்டியாக வந்த, பாதேக் என்னும் பூர்வகுடியைச் சேர்ந்த அண்ணனின் பேச்சைக் கொச்சையாக்கிச் சிரிக்க வைக்கப் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பத்தியை முழுதாக நீக்குங்கள் என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். அது அவர்கள் பாட்டன் பூட்டன் வாழ்ந்த காடு. வழி தெரியாதவர்கள் நீங்கள் எட்டுப் பேர். நம் முன்னோர் பேச்சையும் இப்படித்தான் கேலி செய்தார்கள், அது எப்படி வலித்தது என்று தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் உங்கள் பையைத் தூக்கிப் பார்த்து, ‘இதற்குள் என்ன?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது மட்டும் இருக்கட்டும்.

கடைசியாகப் புலி. குகை வாசலில் ‘மூன்று விரல் பதிந்த புலியின் காலடி’ கண்டு, இரண்டு இரண்டு பேராக விடியும்வரை காவல் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். புலியின் தடத்தில் நான்கு விரல் பதியும், நகம் பதியாது. மூன்று விரல் என்றால் அது தாப்பிரின் பின்னங்கால். முன்னங்காலில் நான்கு உண்டு, ஆனால் நடக்கும்போது பின்னங்கால் அதன் மேலேயே விழுந்து மறைத்துவிடும். தாப்பிர் இலையும் குருத்தும் தின்னும் பிராணி. புலிக் கதையை நீக்க வேண்டாம், தடத்தின் விரல்களை மட்டும் முதலிலேயே எண்ணிச் சொல்லிவிட்டு, காவல் முறை, விறகு, கையிலிருந்த இட்லிச் சட்டி மூடி என்று இரவு முழுவதையும் நிதானமாக எழுதுங்கள். தாப்பிர் என்ற பெயர் காலையில் வழிகாட்டி வாயிலிருந்து வரட்டும்.

இரண்டு பக்கத்துக்குள் சுருக்கி, அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு தடவை அனுப்புங்கள்.

அன்புடன்.